ஜீரோ கேட் வரிசையில் படித்தவை

எர்ணாவூர் பாலத்தின் இறக்கத்தில்
வண்டியை அணைத்து நாலு மணி நேரமாகிறது.
முன்னால் இருநூறு டிரெய்லராவது நிற்கும்.
டேஷ்போர்டில் இந்த மாதத்து நாவல்கள் மூன்று,
தண்டையார்பேட்டை வாடகை நூலகத்தில்
ஜெபராணி எடுத்தவை.
புத்தகத்துக்கு ஏழு ரூபாய்,
அட்டை கிழிந்தால் இருபது.

முதல் கதையின் நாயகன் ஆறடி இரண்டங்குலம்.
எல்லாக் கதையிலும் அதே உயரம்தான்,
ஒரே டெய்லர் அளவெடுத்த மாதிரி.
பத்து கம்பெனிக்கு முதலாளி.
ஒரு செக்கில்கூட கையெழுத்துப் போடவில்லை.
என் முதலாளியிடம் இருப்பது பதினோரு வண்டி,
டீசல் கணக்குப் பார்க்கவே ராத்திரி போதவில்லை அவருக்கு,
எந்த நேரத்தில் மாடிப்படியில் நின்று
ஒருத்தி கூந்தல் உலர்த்துவதைப் பார்ப்பார்?

எழுபதாம் பக்கத்தில் அவளை அறைகிறான்.
எழுபத்து மூன்றில் அவள் மன்னிக்கிறாள்.
மூன்றே பக்கம்!
குழம்பில் புளி தூக்கல் என்று
ஒரு வார்த்தை சொன்னேன்,
போன ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.
பக்க ஓரத்தில் பென்சிலால்
‘த்தூ’ என்று எழுதியிருக்கிறாள் ஜெபராணி.
என் கருத்தும் அதே.

அஸ்லம் டீ வாங்கி வந்தான்.
“இன்னாண்ணே, லேடீஸ் புக்கா?”
பாதிக் கதையில் ஆம்பளைதானேடா வரான்,
அவனைப் பத்தி இன்னா எழுதிக்கீறாங்கன்னு
எனக்குத் தெரிய வேணாமா?
டீ ஆறிப் போயிருந்தது.

இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை.
ஒரு டாக்டர், ஒரு போட்டோகிராபர்.
ஊட்டி. கூடவே மழை.
இவர்களுக்கு மட்டும் சேறில்லாமல் பெய்கிற மழை.
எங்கள் பக்கத்தில் யாரும் காதலிப்பதாக
ஒருவரும் எழுதுவதில்லை.
மணலிக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
முத்தம் பாதியில் இருமலாகிவிடும் என்றோ என்னவோ.

ஆனாலும் ஒரு இடம்:
அவன் ஊருக்குக் கிளம்புகிறான்.
அவள் ஒன்றும் பேசாமல்
அவனுடைய டிபன் பாக்ஸ் மூடியை
இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறாள்.
அவ்வளவுதான், அடுத்த அத்தியாயம்.
அந்த ஒரு வரிக்கு ஏழு ரூபாய் தகும்.
மீதி இருநூறு பக்கத்தை இனாமாக வைத்துக்கொள்ளலாம்.

வரிசை நகர்ந்தது. மூன்று வண்டி நீளம்.

மூன்றாவதை அவள் இன்னும் முடிக்கவில்லை.
கிளம்புகிற அவசரத்தில் பையில் போட்டுவிட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கரண்ட் பில்லை மடித்து வைத்திருக்கிறாள்,
‘இதைத் தாண்டக் கூடாது’ என்பது ஒப்பந்தம்.
தாண்டிவிட்டேன்.
திருவொற்றியூர் வருவதற்குள் கடைசிப் பக்கம்.
முடிவு மட்டம்.
எட்டு வருஷப் பிரிவை
ஒரு பழைய கடிதம் வந்து தீர்த்து வைக்கிறது;
அதற்கு முதல் வருஷமே ஒரு போன் போட்டிருக்கலாம்.

போன் அடிக்கிறது.
“எங்க நிக்கிற?”
“தேரடி தாண்டல.”
“புக்குல கேட்டேன்.”
“உன் கரண்ட் பில்லுலதான்.”
“சத்தியமா?”
“பில்லைக் கட்டினியா முதல்ல?”
“பேச்ச மாத்தாத. அங்கேர்ந்து படி, கேக்குறேன்.
கையில மீனு.”

ஸ்பீக்கரில் அரிவாள்மனைச் சத்தம்,
செதில் தெறிக்கிற சத்தம்.
கேபின் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன்.
அவன் கத்துகிற இடத்தை விட்டுவிட்டேன்.
அவள் காலில் விழுகிற பத்தியையும்.
‘கதவில் தலை இடிக்காதபடி குனிந்து வந்தான்’
என்றிருந்த இடத்தில்
‘ஐந்தடி நாலு அங்குலம், லேசான தொப்பை,
கதவு தாராளமாகவே இருந்தது’ என்றேன்.

அரிவாள்மனை நின்றது.
“ஏய். அப்படியா போட்டுக்கீது?”
“அச்சுல அப்படித்தான் இருக்கு.”
“ம். மேல படி.”

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
இருங்கடா,
ஒரு பத்தி பாக்கி.